முதல் கைத்துப்பாக்கி வாங்கும்போது செய்யும் தவறுகள்

டெக்சாஸில் எங்கள் பக்கம் கிரீன் கார்டு கைக்கு வந்த கொஞ்ச நாளில் நண்பர்கள் சிலர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்பார்கள். "வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு கன் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும்?" ஊரில் போலீஸ்காரர் இடுப்பிலும் வங்கிக் காவலாளி தோளிலும் தவிர வேறெங்கும் துப்பாக்கியைப் பார்த்திராதவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஒரு பெயரைச் சொன்னால் நேராகக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பதால் நான் பெயர் சொல்வதில்லை. "சனிக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க, சுட்டுப் பார்த்துட்டுப் பேசலாம்" என்பேன். ரேஞ்ச் என்பது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம். முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, சுட்டுப் பார்க்காமல் வாங்குவதிலிருந்து வருகின்றன.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதில் தவறினால் மற்றது எதுவுமே பேச்சில்லை.

விசாவில் இருந்துகொண்டு வாங்க நினைப்பது

எச்1பி, எச்4, எஃப்1, எல்1 என்று குடியேற்றம் சாராத விசாவில் இங்கே இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டாயம் பேசுங்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு தோட்டா சுடுவதும் இந்தத் தடைக்குள் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. அலுவலக நண்பர்கள் வார இறுதியில் ஜாலியாகக் கூப்பிடுவார்கள்; போய்வந்து ஃபோட்டோவும் போடுவார்கள். பத்து வருடம் காத்திருந்து கிடைக்கப்போகும் கார்டை ஒரு மதிய நேர விளையாட்டுக்காகப் பணயம் வைக்கலாமா?

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு உங்கள் விவரங்களை அனுப்புவார். அந்தப் படிவத்தில் "உண்மையில் வாங்குவது நீங்கள்தானா" என்ற கேள்வி வரும். வாங்கத் தகுதியில்லாத மச்சானுக்காக அவர் காசில் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அது பெரிய குற்றம். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 வருடம் வரை சிறை போகலாம். சொந்தக் காசில், தகுதியுள்ள மனைவிக்கோ கணவனுக்கோ பரிசாக வாங்கித் தருவது வேறு. அதற்குத் தடையில்லை.

சின்னதாக இருப்பதையே பார்த்து வாங்குவது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தத் தவறை நானும் செய்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும். புதிதாகப் போகிறவர் கை தானாக எட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை. கனமில்லை, பயமுறுத்துகிற மாதிரி இல்லை, கைப்பையில் போட்டாலும் தெரியாது. பெண் வாடிக்கையாளர் என்றால் கடைக்காரரே அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அப்படி நடப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

சுடும்போது கதை தலைகீழ். தோட்டா ஒன்றுதான், அது தள்ளும் வேகமும் ஒன்றுதான். அந்த உதையை வாங்கிக்கொள்ள எடை இல்லையென்றால் முழுவதும் கைக்கு வந்து சேரும். ஐந்து தோட்டா கொள்ளும் இலேசான ரிவால்வர் ஒன்று 400 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். கிளாக் 19 போன்ற நடுத்தரப் பிஸ்டல் தோட்டா போடாமலே 600 கிராம். அந்த 200 கிராம் வித்தியாசம் கடையில் பாரமாகத் தெரிகிறது. ரேஞ்சில் அதுவே உங்களுக்குத் துணை. சின்னதில் பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காது. குழல் நீளம் குறைவு என்பதால் குறிபார்க்க மேலே இருக்கும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி குறையும், மயிரிழை தப்பினாலும் குண்டு எங்கோ போகும். பிடி தளர்ந்தால் சின்ன பிஸ்டல்கள் சிக்கிக்கொள்வதும் அதிகம்.

போன வருடம் ஒரு அக்கா வந்தார். மருத்துவமனையில் இரவுப் பணி. விடியற்காலை கார் நிறுத்தும் இடத்தில் தனியாக நடக்க வேண்டும். கணவர் ஏற்கெனவே அப்படி ஒரு குட்டி ரிவால்வரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். "தம்பி, இது கைக்குள்ள அடங்குது, இதுவே போதும்" என்றார் அக்கா. சரி, அதையே வாடகைக்கு எடுப்போம் என்று எடுத்தேன். விசை (ட்ரிக்கர்) கனம், பத்துப் பவுண்டுக்கு மேல் அழுத்த வேண்டும். அழுத்தும்போதே அவர் கை முழுவதும் நடுங்கியது. முதல் குண்டு தாளில் மூலையைத் தொட்டது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டே சுட்டார். ஐந்தாவது முடிந்ததும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கும் சதையைத் தடவிக்கொண்டு நின்றார். சிவந்து போயிருந்தது. "இனிமே வேணாம் தம்பி" என்றார்.

கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன். அப்புறம் முழு அளவு 9 எம்எம் பிஸ்டல் ஒன்றைக் கொடுத்தேன், ஒரே ஒரு தோட்டா போட்டு. சுட்டார். திரும்பிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். அன்று கிளம்பும்போது ஐந்து கஜத் தூரத்தில் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்திருந்தன. நான் எதுவும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. பொருள் மாறியது, அவ்வளவுதான்.

வலிக்கிற துப்பாக்கியோடு யாரும் பழக மாட்டார்கள். பழகாத துப்பாக்கி ஆபத்து நேரத்தில் கைகொடுக்காது. சின்னதும் இலேசானதும் நன்றாகச் சுடப் பழகியவர் கைக்கு ஏற்றவை.

பெரிய குண்டு என்றால்தான் ஆள் விழுவான் என்ற பேச்சு

.45 (அங்குலத்தில் குண்டின் விட்டம்) இல்லையென்றால் வாங்காதே என்று சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லா ரேஞ்சிலும் இருப்பார். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். 9 எம்எம் குண்டு ஒன்று எதிரியின் உடலில் பாய்ந்தும் இதயத்தை எட்டாமல் நின்றது. அதன்பின் எஃப்பிஐ 10 எம்எம் பக்கம் போய், பிறகு .40-க்கு மாறியது. கடைசியில் 9 எம்எம்முக்கே திரும்பி வந்துவிட்டது. அதற்குள் தோட்டாவின் வடிவமைப்பு வெகுவாக முன்னேறிவிட்டது. உதை குறைவாக இருந்தால் அதிகாரிகளே இன்னும் சரியாகவும் வேகமாகவும் சுட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்ல வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு 9 எம்எம் போதும். தோட்டா எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. மணிக்கட்டில் வலி, மூட்டுவாதம் இருப்பவர்களுக்கு அதைவிட வலு குறைந்த .380 ஒத்துவரலாம், ஆனால் துப்பாக்கி ரொம்பக் குட்டியாக இருந்தால் .380-யும் நன்றாகவே உதைக்கும்.

வீட்டில் வைப்பதற்கு ஹாலோ பாயிண்ட் தோட்டா. உடலில் பட்டதும் விரிந்து நிற்கும்படி செய்தது அது. பயிற்சிக்கான சாதாரணத் தோட்டா ஊடுருவிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். ஆனாலும் இங்கே வீட்டுச் சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் மாதிரி இல்லை. அரை அங்குல ஜிப்சம் பலகைதான். எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகள் எந்த அறையில், எந்தச் சுவரை ஒட்டிப் படுக்கிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

கையில் பொருந்துகிறதா என்று பார்க்காதது

கடையில் வெற்றுத் துப்பாக்கியை வாங்கி, காலியா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். கடைக்காரர் பார்த்துக் கொடுத்தாலும் சரி. பிடித்தால் குழல் உங்கள் முன்கைக்கு நேர்கோட்டில் வர வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியின் சதைப்பகுதி விசையில் இயல்பாக உட்கார வேண்டும். அப்புறம் பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பிஸ்டலை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து, குழல் ஆளில்லாத பக்கம் பார்க்க, ஒரு கையால் ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் பிடியை முன்னால் தள்ளினால் பலருக்கும் வந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் எளிதாக இழுக்கும்படி செய்த மாடல்கள் இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஇசட் அப்படி ஒன்று. அந்த அக்கா கடைசியில் வாங்கியது அதைத்தான்.

அப்புறம் இரண்டு மூன்று மாடல்களை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவாவது சுடுங்கள். செலவுதான். தப்பான துப்பாக்கியை வாங்கிப் பாதி விலைக்கு விற்பதைவிடக் குறைவு. லேசர், டார்ச், விசையை இலேசாக்கும் உதிரிகள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

மொத்தப் பணத்தையும் துப்பாக்கிக்கே கொடுப்பது

ஐந்நூறு டாலர் ஒதுக்கி, ஐந்நூறுக்கும் துப்பாக்கியே வாங்கி வீட்டுக்கு வந்தால் அலமாரியில் தூங்கும். காதுக் கவசம், கண்ணாடி, பயிற்சித் தோட்டா, விரைவில் திறக்கும் பூட்டுப்பெட்டி, ஒரு நல்ல வகுப்பு ஆகியவற்றுக்கும் பணம் வேண்டும். இடுப்பில் வைத்துப் போவதாக இருந்தால் விசையை முழுவதும் மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (உறை) கட்டாயம். கைப்பையில் சாவி, லிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் போடுவது மிகவும் ஆபத்து. விசையில் எது மாட்டும் என்று சொல்ல முடியாது.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அதனால் வகுப்புக்கே போகாமல் விட்டுவிடுகிறார்கள். நான் போகத்தான் சொல்வேன். எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், சண்டையைப் பேச்சிலேயே எப்படி முடிப்பது, எங்கே எடுத்துப் போகக் கூடாது என்பதெல்லாம் உரிம வகுப்பில் வரும். கடைசியில் 3, 7, 15 கஜத் தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். உங்கள் நிலைமை என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மறப்பது

துணிக்கு அடியில், மேல் தட்டில், மெத்தைக்குக் கீழே என்று ஒளித்து வைப்பார்கள். பிறந்தநாள் பரிசை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனமில்லாமல் விட்டு, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டும் தருவார்கள். பெட்டியிலேயே பிரிக்காமல் கிடக்கும் அந்தப் பூட்டை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஊரிலிருந்து அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குவார்கள். வந்த மறுநாளே அம்மா அலமாரியெல்லாம் திறந்து ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிடுவார். அவர்கள் வந்திருப்பது சுற்றுலா விசாவில். மேலே சொன்ன தடை அவர்களுக்கும் பொருந்தும். துப்பாக்கிப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும், திறக்கும் எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது.

இன்னொன்று, பேசவே தயங்குவோம். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடன் வருவான் என்று பயந்து வாங்குகிறோம். ஆபத்து வீட்டுக்குள்ளேயே ஒருவருடைய மனசுக்குள் இருக்கலாம். முதல் தடவை தனியாக வருகிறவருக்கு வாடகைக்குத் துப்பாக்கி தர மாட்டோம் என்று பல ரேஞ்சுகள் சொல்வது இதனால்தான். வேலை போய்க் கலங்கி நிற்கும் ஒருவரோ, பேச்சு குறைந்து அறையை விட்டு வராத பிள்ளையோ வீட்டில் இருந்தால் இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் கொஞ்ச நாள் வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக எங்கே வைக்கலாம் என்று பாருங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைத்துப் பேசலாம். கதவுக்கு நல்ல பூட்டு, வாசலில் விளக்கு, அலாரம் ஆகியவையும் பாதுகாப்புதான். உங்கள் வீட்டுக்கு அதுவே சரி என்று தோன்றினால் துப்பாக்கி வாங்காமலே இருங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் மாதத்திலேயே இருநூறு தோட்டா சுட்டுப் பாருங்கள். வீட்டில் வைக்கப்போகும் ஹாலோ பாயிண்ட்டையும் ஒரு பெட்டியாவது அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், சில பிஸ்டல்களுக்குச் சில தோட்டாக்கள் ஒத்துவராது. அந்த அக்கா மாதத்தில் ஒரு ஞாயிறு, பணி முடிந்து தூங்கி எழுந்தபின் ரேஞ்சுக்கு வருகிறார். ஏழு கஜம், ஐம்பது தோட்டா, அரை மணி நேரம். கண்ணைத் திறந்துகொண்டுதான் சுடுகிறார்.