ட்ராக் வேற, சேனல் வேற: சாஃப்ட்வேர் சின்த்துக்கு மிடி ரூட்டிங் செட் பண்றது எப்படி

மியூசிக் கீபோர்டை கம்ப்யூட்டர்ல மாட்டி கீ அமுக்குனா ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோட ட்ராக்ல மீட்டர் துடிக்குது, ஆனா சத்தம் போடவேண்டிய சின்த் (சாஃப்ட்வேர் வாத்தியம்) ஊமையா உக்காந்திருக்கு. இல்லன்னா நேர் எதிரா, பியானோ மட்டும் வாசிக்கலாம்னு பாத்தா கூடவே ஸ்ட்ரிங்ஸும் பேஸும் சேந்து கத்துது. ரெண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், ட்ராக் நம்பரும் சேனல் நம்பரும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறது. ட்ராக் 3ல வாசிச்சா சேனல் 3ல போகும்னு எந்த சட்டமும் இல்லைங்க.

மொதல்ல ஒண்ணு, மிடிங்கறது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற மொழி, அதுல போறது சத்தம் இல்ல, வெறும் சேதி. நடு சி கீயை அமுக்குனா கீபோர்ட் அனுப்பறது மூணே நம்பர், 144, 60, 100. இதுல 60ங்கறது எந்த கீ, 100ங்கறது எவ்ளோ வேகமா அடிச்சீங்கன்னு. அந்த 144க்குள்ளதான் ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு, 'நோட் ஆன்'ங்கறதும் 'சேனல் 1'ங்கறதும். அதே கீயை சேனல் 2ல அனுப்புனா 145, சேனல் 10னா 153, கடைசி 16வது சேனல்னா 159. ஆக சேனல்னா ஒயரும் இல்ல பைப்பும் இல்ல, ஒவ்வொரு சேதி மேலயும் எழுதியிருக்கற ஒரு நம்பர், அவ்ளோதான். 1983ல மிடி 1.0 வந்தப்போ இதுக்கு ஒதுக்குனது 4 பிட், அதுல 16 நம்பர்தான் அடங்கும், அதனாலதான் இன்னமும் 16லயே நிக்குது. அதுக்கு மேல வேணும்னா இன்னொரு போர்ட் தொறக்கணும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியா 16.

இந்த சேதி உங்க விரல்ல இருந்து சின்த்துக்கு போறதுக்குள்ள நாலு எடத்துல அந்த நம்பரை யாராச்சும் பாக்கலாம், மாத்தலாம், இல்ல தடுத்துடலாம். கீபோர்ட் எந்த சேனல்ல அனுப்புதுங்கறது மொத எடம். ட்ராக்கோட இன்புட்ல எந்த சேனலை உள்ள விடணும்னு இருக்கறது ரெண்டாவது. ட்ராக்ல இருந்து வெளிய போகும்போது சேனலை மாத்தி எழுதற செட்டிங் மூணாவது. சின்த் தானா எந்த சேனலை கேக்குதுங்கறது நாலாவது. இந்த நாலுல ஒண்ணு மட்டும் ஒத்துப்போகலன்னாலும் கதை முடிஞ்சுது.

நான் மாட்டுனது மொத எடத்துலயே. ஒரு நாள் திடீர்னு எந்த சின்த்தும் சத்தம் போடல, நானும் ப்ளகின் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள ஏத்தற குட்டி ப்ரோக்ராம், சின்த்தும் அதுல ஒண்ணு) கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டு, ஆடியோ ட்ரைவரை மாத்தி, கேபிளை மாத்தி, ராத்திரி ஒரு மணிக்கு கடைசியா, வர்ற சேதியை அப்படியே காட்டற மிடி மானிட்டர் போட்டுப் பாத்தா எல்லா நோட்டும் சேனல் 3னு வருது. கீபோர்ட்ல ஏதோ பட்டன் காம்பினேஷன் கைதவறி அமுங்கி சேனல் மாறியிருக்கு, ட்ராக் இன்புட்லயோ நான் சேனல் 1 மட்டும்னு வெச்சிருக்கேன். அதுல இருந்து இன்புட்டை எப்பவும் 'ஆல் சேனல்ஸ்'ல வெச்சிட்டு, சேனலை வெளிய போற எடத்துல மட்டும்தான் மாத்தறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, நம்பரை மாத்தற எடம் ஒண்ணா இருந்தா தேடறதும் ஒரே எடம்தான். ஸ்ப்ளிட் கீபோர்ட் வெச்சு எடது கை ஒரு சேனல், வலது கை ஒரு சேனல்னு வாசிக்கறவங்களுக்கு மட்டும் இன்புட் ஃபில்டர் தேவைப்படும்.

ஒரு ட்ராக்குக்கு ஒரு சின்த்னு போடறவங்க இதோட நிறுத்திக்கலாம். ட்ராக்கை ஆர்ம் (ரெக்கார்டுக்கு தயார்) பண்ணுங்க, மானிட்டரிங் (வாசிக்கறது உடனே கேக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது.

சிக்கல் வர்றது மல்டிடிம்பரல் சின்த்ல, அதாவது காண்டாக்ட் மாதிரி ஒரே ப்ளகினுக்குள்ள பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேஸ்னு பல இன்ஸ்ட்ருமென்ட் ஏத்தறது. அங்க ஒவ்வொரு இன்ஸ்ட்ருமென்ட்டுக்கும் தனித்தனி ரிசீவ் சேனல் குடுக்கணும், பியானோ 1, ஸ்ட்ரிங்ஸ் 2, பேஸ் 3. இதுல ஏதாவது ஒண்ணு 'ஆம்னி'ல இருந்தா அது எந்த சேனல்ல வந்தாலும் வாசிக்கும், மேல சொன்ன எல்லாம் சேந்து கத்தற கேஸ் இதுதான். அப்புறம் ப்ளகின் இருக்கற ட்ராக் ஒண்ணு, வாசிக்கறதுக்கு மூணு காலி மிடி ட்ராக். ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல அந்த மூணு ட்ராக்ல இருந்தும் ப்ளகின் ட்ராக்குக்கு சென்ட் (ஒரு ட்ராக்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்பற இணைப்பு) போட்டு, ஆடியோவை 'நன்'னு வெச்சிட்டு, மிடில 'ஆல்'ல இருந்து 1க்கு, அடுத்ததுல 2க்கு, அதுக்கடுத்து 3க்குனு மாத்தி விடுங்க. ஏபிள்டன் சாஃப்ட்வேர்ல 'மிடி டூ'ல ப்ளகின் இருக்கற ட்ராக்கை தேர்ந்தெடுத்ததும் கீழ இன்னொரு பெட்டி வரும், அதுல 'ட்ராக் இன்'னு விட்டுடாதீங்க, ப்ளகினோட சேனலை தேர்ந்தெடுங்க, நெறைய பேர் கோட்டை விடறது அங்கதான்.

இப்போ மிடி மூணா பிரிஞ்சு உள்ள போகுது, ஆனா ஆடியோ ஒண்ணாத்தான் வெளிய வரும், ஸ்ட்ரிங்ஸுக்கு மட்டும் ரிவர்ப் போட முடியாது. மிடி சேனலை மாத்துனா ஆடியோ அவுட்புட்டும் தானா பிரியும்னு நெனைக்காதீங்க, அது தனி வேலை, ப்ளகினுக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் வேற அவுட்புட் குடுத்து வெளிய அதுக்கு ஆடியோ ட்ராக் வெக்கணும். உண்மைய சொன்னா இப்போ இருக்கற கம்ப்யூட்டர்ல நாலஞ்சு இன்ஸ்ட்ருமென்ட்டுக்காக இவ்ளோ பாடு படறதுக்கு ஒவ்வொரு ட்ராக்லயும் தனி ப்ளகின் போட்டுட்டுப் போயிடலாம், பெரிய ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்னா மட்டும்தான் இது லாபம்.

கீயை அமுக்கி வெச்சுக்கிட்டே சேனலை மாத்தாதீங்க. அமுக்குனப்போ நோட் ஆன் சேனல் 1ல போச்சு, விட்டப்போ நோட் ஆஃப் சேனல் 2ல போகுது, சேனல் 1ல இருக்கற பியானோவுக்கு நீங்க கைய எடுத்ததே தெரியாது, நீளமா இழுக்கற பேட் (pad) சவுண்டா இருந்தா விடிய விடிய கூவும். அதுக்குத்தான் பேனிக் பட்டன், பொதுவா அது கன்ட்ரோலர் 123ங்கற சேதியை, அதாவது 'ஆல் நோட்ஸ் ஆஃப்', எல்லா சேனலுக்கும் அனுப்பும். பெடலும் இதே மாதிரிதான், கன்ட்ரோலர் 64, அதுவும் சேனல் சேனலாத்தான் போகும், பெடலை மிதிச்சுக்கிட்டே சேனல் மாத்துனா பழைய சேனல்ல பெடல் மிதிச்சபடியே நிக்கும்.

ட்ரம்ஸுக்கு சேனல் 10ங்கறது 1991ல வந்த ஜெனரல் மிடிங்கற பொது விதியோட வழக்கம், மிடி ஃபைல் டவுன்லோட் பண்ணி போட்டா ட்ரம்ஸ் அதுலதான் வரும், நோட் நம்பர் 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடுன ஹைஹேட். உங்க ட்ரம் ப்ளகின் அதை மதிக்கணும்னு கட்டாயம் இல்ல. இன்னொரு குழப்பம், ஃப்ளூயிட்சின்த் மாதிரி சில சாஃப்ட்வேர் சின்த் சேனலை 0ல இருந்து எண்ணும், அங்க ட்ரம்ஸ்க்கு 9னு போடணும்.

எம்பிஇ கீபோர்ட், அதாவது ஒவ்வொரு விரலோட நோட்டையும் தனியா வளைக்க முடியற கீபோர்ட் வெச்சிருந்தா மேல சொன்ன சேனல் பிரிப்பு எதையும் அந்த ட்ராக்ல பண்ணாதீங்க. பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கறது) போட்டா அந்த சேனல்ல இருக்கற அத்தன நோட்டும் சேந்து வளையும், அதனால எம்பிஇல ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சேனல், வழக்கமா 1 பொதுவுக்கு, 2ல இருந்து 16 வரைக்கும் நோட்டுகளுக்கு. நடுவுல எல்லாத்தையும் சேனல் 1க்கு மாத்தி விட்டீங்கன்னா ஒரு விரல் வழுக்குனா முழு கார்டும் வழுக்கும்.

சத்தமே வரலன்னா சின்த்தோட ஸ்க்ரீன்ல இருக்கற கீபோர்டை மவுஸால தட்டிப் பாருங்க. சத்தம் வந்தா ஆடியோ நல்லா இருக்கு, தப்பு மிடி பக்கம்தான், உடனே சின்த்துக்கு மேல ஒரு மிடி மானிட்டர் ப்ளகின் போட்டு எந்த சேனல்ல வருதுன்னு பாருங்க. மானிட்டர்ல ஒண்ணுமே வரலன்னா ஆர்ம், மானிட்டரிங், இன்புட் டிவைஸ் மூணையும் பாருங்க. விண்டோஸ்ல வேற ஏதாச்சும் ப்ரோக்ராம் கீபோர்டை பிடிச்சு வெச்சிருக்கான்னும் பாருங்க, பழைய ட்ரைவர்ல நெறையது ஒரு நேரத்துல ஒரு ப்ரோக்ராமுக்குத்தான் இடம் குடுக்கும். கீபோர்டுக்குள்ளயே சத்தம் இருந்து ஒவ்வொரு நோட்டும் ரெட்டையா கேட்டா அது வேற, கீபோர்ட் மெனுவுல 'லோக்கல்' (கீ அமுக்குனா கீபோர்டே தன் சத்தத்தை போடற செட்டிங்) ஆஃப் பண்ணிடுங்க.