பிள்ளையின் எடைக்குக் கவலைப்படுவதற்கு முன், உயரத்தை அளந்து பாருங்கள்

12 வயதுப் பையன் ஒருவன் 145 செ.மீ. உயரம், 48 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கிலோவை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். இவனுக்கு 22.8. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி 12 வயதுப் பையனுக்கு 19.9-ஐத் தாண்டினால் அதிக எடை, 23.6-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆக, வீட்டில் கவலைப்படுவதில் தப்பில்லை.

இதே பையன் இரண்டு வருடத்தில் 15 செ.மீ. வளர்ந்து, எடை 4 கிலோ மட்டும் கூடினால்? 160 செ.மீ., 52 கிலோ, பிஎம்ஐ 20.3. பதினான்கு வயதுக்கான எல்லை 21.8. ஒரு கிலோகூட இறங்கவில்லை, பிரச்சினை தீர்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. வளர்கிற பிள்ளைக்கு உண்டு. அதனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு "எடையைக் குறை" என்பது தவறான இலக்கு. எடை ஏறும் வேகத்தைத் தணித்து, உயரம் அதை முந்துவதற்கு நேரம் கொடுப்பதுதான் வேலை.

சரியாக அளப்பது

2 செ.மீ. பிசகினாலே கணக்கு மாறிவிடும். 50 கிலோ எடைக்கு 150 செ.மீ. என்றால் பிஎம்ஐ 22.2, 152 செ.மீ. என்றால் 21.6. வீட்டில் அளக்கும்போது:

1. மிதியடி விரிக்காத தரையில், சுவரை ஒட்டி, வெறுங்காலோடு நிற்க வேண்டும். கொண்டை, கிளிப், உச்சியில் போட்ட குதிரைவால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள்.
2. குதிகால், பிட்டம், தோள்பட்டை சுவரைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்கட்டும். முகவாயைத் தூக்கினால் அளவு பிசகும்.
3. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலையில் வைத்து, அதன் ஒரு பக்கம் சுவரில் முழுதாகப் பதியும்படி பிடித்துப் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்.
4. எடையைக் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, எப்போதும் ஒரே மெஷினில் பாருங்கள். மெத்தென்ற விரிப்பின் மேல் மெஷினை வைத்தால் தப்பாகக் காட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். தினமும் மெஷினில் ஏற்றுவது கெடுதல். மலச்சிக்கல், முந்தைய நாள் தின்ற ஊறுகாய், மாதவிடாய்க்கு முந்தைய நீர்கோப்பு, இவையெல்லாம் ஒரே நாளில் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். அதைக் கொழுப்பு என்று நினைத்துப் பிள்ளை மறுநாள் சாப்பாட்டைத் தவிர்க்கும்.

அதே அட்டவணையில் இயல்பான பிஎம்ஐ: பெண்ணுக்கு 12 வயதில் 14.4 முதல் 20.8, 14 வயதில் 15.4 முதல் 22.7. பையனுக்கு 12 வயதில் 14.5 முதல் 19.9, 14 வயதில் 15.5 முதல் 21.8. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வரைபடம் நம் பிள்ளைகளுக்கு இன்னும் சற்றுக் கறாராக இருக்கும். ஒரே பிஎம்ஐ-யில் நம்மவர்கள் உடலில் கொழுப்பு கூடுதலாகச் சேர்வதுதான் காரணம். எந்த வரைபடமானாலும் ஒற்றைப் புள்ளியை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒன்பது மாதத்தில் விழுந்த மூன்று நான்கு புள்ளிகள் வரைபடத்தில் உள்ள கோடுகளில் ஒரே கோட்டை ஒட்டிப் போகின்றனவா, கோடு தாண்டி மேலே ஏறுகின்றனவா, கீழே சரிகின்றனவா என்று பாருங்கள். எப்போதும் பூசினாற்போல இருந்து அதே கோட்டில் வளரும் பிள்ளையைவிட, நடுக்கோட்டிலிருந்து திடீரென்று விலகும் பிள்ளைதான் அவசரமாகக் கவனிக்க வேண்டியது.

நோய் இல்லாதவை, நோய் போலத் தெரிபவை

பெண் பிள்ளைகளின் உயர வேகம் பெரும்பாலும் 11, 12 வயதில் உச்சத்தில் இருக்கும். பையன்களுக்கு அது சுமார் இரண்டு வருடம் தள்ளி வரும். முதல் மாதவிடாய் வருவதற்குள் பெண்ணின் உயர வேகம் தணியத் தொடங்கியிருக்கும். அதன் பிறகு பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வார்கள். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வதும் அந்த வயதின் இயல்பு.

"வயசுக்கு வந்ததும் குண்டாயிட்டா" என்று சொல்வதற்கு இதைத் தவிர வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று ஒரு பக்கம் உபசரிப்பு நடக்கும். மறுபக்கம் சைக்கிளும் தெரு விளையாட்டும் நின்றுபோகும். களி சில வாரத்தில் முடிந்துவிடும், விளையாட்டு திரும்பி வருவதில்லை. நிஜமான நஷ்டம் அதுதான். களி கொடுங்கள், தப்பில்லை. பச்சை முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுங்கள், சால்மோனெல்லா கிருமிக்குச் சடங்கு தெரியாது.

பையன்களில் பாதிக்கு மேல் பருவ வயதில் மார்புக் காம்புக்கு அடியில் பட்டன் போல ஒரு கட்டி வரும், தொட்டால் வலிக்கும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடும். இதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் பையன் ஸ்கூல் பையை முன்னால் அணைத்துக்கொண்டு நடக்கிறான், நீச்சலுக்கு வர மறுக்கிறான். அப்பாவோ மாமாவோ ஒரு நிமிஷம் ஒதுக்கிச் சொன்னால் போதும்.

மாறாக, அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிற ஒன்று உண்டு: பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை. பீர்க்கங்காய் நாரும் கடலைமாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகுமே தவிர, கருமை போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள்.

சாப்பாடு: எங்கே தப்புகிறது

ஆறு மணி டியூஷனுக்காகக் காலைச் சாப்பாடு போய்விடும். மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் ஐந்து மணி வரை ஒன்றுமில்லை. அகோரப் பசியில் பேக்கரி வாசலில் பப்ஸும் 250 மில்லி குளிர்பானமும். அந்தக் குளிர்பானத்தில் மட்டும் 26 கிராம் அளவுக்குச் சர்க்கரை, ஐந்தாறு டீஸ்பூன். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து மூன்று பரோட்டா. பிள்ளைக்கு நாக்கு நீளம் என்று திட்டுகிறோம். நேரக் கணக்குதான் தப்பு.

மாற்றத்தை மாலையிலிருந்து தொடங்குங்கள். நாலரைக்குள் வயிற்றுக்கு நிறைவான ஒன்று போக வேண்டும்: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், அல்லது இரண்டு முட்டையும் ஒரு பழமும், அல்லது அடை ஒன்று. மதிய டப்பாவில் பாதிக்குச் சாதம், கால்வாசிக்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக்குக் கிழங்கு அல்லாத காய். காலையில் நேரமே இல்லை என்றால் ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் டியூஷனுக்கு முன், டியூஷன் முடிந்து இட்லி. குளிர்பானத்தையும் பாக்கெட் ஜூஸையும் வீட்டில் வாங்கி வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடியும். இருந்தால் குடிக்கத்தான் செய்வார்கள், நாமும் குடிப்போம்.

எதை, எப்போது பரிமாறுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தோசை" என்று பாட்டி தட்டில் போடுவதும், "போதும், எழுந்திரு" என்று அம்மா தட்டைப் பிடுங்குவதும் ஒரே கெடுதலைத்தான் செய்கின்றன: வயிறு நிறைந்ததைச் சொல்லும் உணர்வைக் கெடுக்கின்றன. ஒருத்திக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி, தம்பிக்குப் பூரி என்று இரண்டு சமையல் வேண்டவே வேண்டாம். மாற்றினால் வீடு முழுக்க மாற்றுங்கள்.

பட்டினி ஏன் பலிக்காது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். எடை இறங்கியது. கூடவே எரிச்சல், சோர்வு, சதா சாப்பாட்டு நினைப்பு; சமையல் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார்கள். தடை நீங்கியதும் பலர் அடக்கமாட்டாமல் தின்றார்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, சோதனைக்கு முன்வந்தவர்கள். வளர்கிற உடம்பு இதைவிட வேகமாக எதிர்த்து நிற்கும்.

குண்டான பிள்ளைக்கு ரத்தசோகை இருக்காது என்பதும் தப்புக் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை வீசிவிடாமல், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டுவதால்தான் பலர் வீசுகிறார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடலில் குறைவாகவே சேரும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

ஓட்டம், தூக்கம்

நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி அசைய வேண்டும். ஒரே மூச்சில் வேண்டியதில்லை: டியூஷனுக்குச் சைக்கிளில் போய்வர 20 நிமிடம், மாலையில் 40 நிமிடம் பூப்பந்தோ கபடியோ. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும்போது இதையும் கேளுங்கள். தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேல் நாட்டமும் கூடும்.

பேச்சு

கல்யாண மண்டபத்தில் அத்தை கன்னத்தைக் கிள்ளி, "என்னடி, பூசணிக்காய் மாதிரி ஆயிட்டே" என்பார். பாசம்தான். ஆனால் அன்று இரவு பிள்ளை சாப்பிடாது. அந்த இடத்திலேயே சிரித்தபடி, "அவ வளர்ற வயசு அத்தை, உடம்பைப் பத்திப் பேச வேணாம். கராத்தேல மஞ்சள் பெல்ட் வாங்கியிருக்கா, கேளுங்க" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். அம்மா தன்னைக் காப்பாற்றுவதைப் பிள்ளை பார்ப்பதுதான் முக்கியம். "ஒல்லிக்குச்சி", "கறுத்துப் போயிட்டே" எல்லாமே இதே வகைதான். கண்ணாடி முன் நின்று உங்கள் தொப்பையை நீங்களே திட்டிக்கொள்வதும் பிள்ளையின் காதில் விழும்.

"நான் குண்டா இருக்கேனாம்மா?" என்று கேட்டால் "சேச்சே, இல்லவே இல்லை" என்று மூடிவிடாதீர்கள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா, கண்ணு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் ஒரு பெயராக இருக்கும்: ஒரு வகுப்புத் தோழன், ஒரு வேன் டிரைவர், சில சமயம் ஒரு டீச்சர்.

போனைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம், ஒரு சோதனை போதும். ஒரு அடி தூரத்தில் ஒரு செல்ஃபி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்தடி தள்ளி நின்று நீங்கள் ஒன்று எடுங்கள். இரண்டையும் முகம் ஒரே அளவில் தெரியும்படி பெரிதாக்கி வைத்துப் பார்த்தால், முதலாவதில் மூக்கு அகன்றிருக்கும். முகம் மாறவில்லை, கேமராவின் தூரம்தான் மாறியது.

ஜிம், பவுடர், மெலிவு மருந்து

16 முதல் 18 வயதுப் பையனுக்கு நாளுக்கு 55 கிராம் புரதம் போதும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்). இரண்டு முட்டை 12, இரண்டு டம்ளர் பால் 13, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு கிண்ணம் சுண்டல் 12: இதிலேயே 44 வந்துவிட்டது. சோறு, இட்லி, சாம்பாரிலிருந்து மீதி வரும். டப்பா பவுடருக்கு வேலையில்லை. பயிற்சியாளர் கண்காணிப்பில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பது புரளி. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடி உயரம் நின்றுவிடும் என்பது நிஜம்.

மெலிவு டீ, மூலிகை கேப்ஸ்யூல் பக்கமே போகாதீர்கள். இந்தியா 2011-இல் தடை செய்த சிபுட்ராமின் என்ற மருந்தை, லேபிளில் சொல்லாமல் இத்தகைய பொருட்களில் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது இதயத்தைப் பாதிக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

வேகமாக எடை இறங்குவது, மூன்று மாதமாக மாதவிடாய் வராதது, மயக்கம், சதா குளிர்ந்த கைகள், சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது (வாந்தி எடுக்கும் சத்தம் கேட்காமலிருக்க), தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுப்பதால் விரல் முட்டியில் வரும் தழும்பு, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பது: இவை உண்ணும் கோளாற்றின் அடையாளங்களாக இருக்கலாம். பகலில் ஓய்வாக இருக்கும்போது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் போனால் அன்றே ஆஸ்பத்திரி. குண்டாக இருந்த பிள்ளைக்கும் இது வரும். அங்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் சொந்தக்காரர்கள் எல்லாரும் "சூப்பரா இளைச்சுட்டே" என்று பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அளவெடுத்த தாள், மாதவிடாய்த் தேதிகள், பெற்றோர் இருவரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் தைராய்டைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். தைராய்டு குறைந்தால் உயரமும் நின்றுபோகும். பிள்ளை நன்றாக உயர்ந்துகொண்டிருந்தால் அது காரணமாக இருப்பது அபூர்வம். மனக்கலக்கம் தெரிந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பிள்ளையே பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். எடை பார்க்கும்போது மெஷினுக்கு முதுகு காட்டி நிற்கலாமா, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் குறித்துக்கொள்வீர்களா என்று நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.