மெம்பிஸில் வீடு தேடும் விமானிகள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்பிஸுக்கு மாற்றலாகி வரும் சரக்கு விமானி பெரும்பாலும் இப்படித்தான் வீடு பார்ப்பார். சனிக்கிழமை காலை வந்து இறங்குவார். வீட்டுத் தரகரின் காரில் ஏறி நாலைந்து வீடுகளைச் சுற்றுவார். மதியம் பார்பெக்யூ. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஒரு வீடு பிடித்துப்போய்விடும்: அகலமான தெரு, ஓக் மர நிழல், கலிஃபோர்னியாவில் ஒரு அபார்ட்மென்ட் வாங்கும் பணத்தில் நாலு படுக்கையறை. கையெழுத்தும் போட்டாயிற்று. குடிவந்த முதல் செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணிக்கு மேல் கூரைக்கு மேலே ஒரு 767 சரக்கு விமானம் போகும். இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒரு 777. இப்படியே போகும்.

அந்த விமானங்களை ஓட்டத்தான் அவர் ஊர் மாறியே வந்திருக்கிறார். ஆனாலும் வீடு வாங்கும்போது அது நினைவுக்கு வராது. மெம்பிஸ் இரவில் வேலை செய்கிற ஊர். பொட்டலம் அனுப்பும் நிறுவனமான ஃபெடெக்ஸ் 1973 ஏப்ரல் 17 அன்று இங்கிருந்து 14 சிறிய ஜெட் விமானங்களில் 186 பொட்டலங்களை 25 நகரங்களுக்கு அனுப்பித் தொழிலைத் தொடங்கியது. 1993 முதல் 2009 வரை உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட விமான நிலையம் இதுதான். பிறகுதான் ஹாங்காங் முந்தியது. நாடு முழுவதிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவை ஒட்டி இங்கே வந்து குவியும். பொட்டலங்களை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மறுபடி ஏற்றுவார்கள். விடிவதற்குள் எல்லாம் பறந்துவிடும். பகலில் வந்து பார்க்கிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. விமான நிலையம்கூட ஆளில்லாத மாதிரித்தான் இருக்கும்.

அதனால் என் முதல் யோசனை, பிடித்த வீட்டின் முன்னால் வார நாளில் இரவு பதினோரு மணிக்குப் போய் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். சனி, ஞாயிறு இரவு போய்ப் பயனில்லை, போக்குவரத்து குறைவு. ஒரே ஒரு இரவும் போதாது. இங்கே மூன்று ஓடுபாதைகள் வடக்கு தெற்காகவும் ஒன்று கிழக்கு மேற்காகவும் கிடக்கின்றன. தெற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் விமானங்கள் வடக்கிலிருந்து ஊருக்கு மேலாக வந்து இறங்கும். காற்று திரும்பினால் மிசிசிப்பி மாநில எல்லைப் பக்கத்திலிருந்து வரும். எந்தக் காற்றுக்கு எந்தத் தெரு வாங்கிக் கட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடுபாதைகளின் நேர்கோட்டை வரைபடத்தில் இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் தரகரிடம் இதைக் கேட்காதீர்கள். “பழகிவிடும்” என்பார்.

உங்களுக்குப் பழகிவிடலாம். ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கவே போவதில்லை. குடும்பம் இருக்கும். உங்கள் பிரச்சினை வேறு. காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்து நீங்கள் தூங்க வேண்டும். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த விமானிகளின் ஓய்வு விதிகள் பயணிகள் விமானங்களுக்குத்தான். சரக்கு விமானங்களை அதில் சேர்க்கவில்லை. ஆகவே பகல் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வது பெருமளவு உங்கள் பொறுப்பு. வீட்டின் அமைப்புதான் அதைத் தீர்மானிக்கும். இதை யாரும் யோசிப்பதே இல்லை.

நான் வாடகைக்கு எடுத்த முதல் வீட்டில் படுக்கையறை கராஜுக்கு நேர் மேலே இருந்தது. மனைவி குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல் வேறு. ஜூலை மாத மெம்பிஸ் வெயிலில் மாடி அறைக்கு ஏசி ஈடுகொடுக்கவில்லை. புல்வெளி வெட்டுகிறவர்கள் தெருவில் ஒரே நாளில் வருவதில்லை, வீட்டுக்கு ஒரு நாள். இலை ஊதும் இயந்திரத்தின் சத்தத்துக்கு 767 எவ்வளவோ தேவலாம். அடுத்த வீடு பார்க்கும்போது சமையலறையை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தரைத்தளத்தில், பின்பக்கம், கூடத்திலிருந்து தள்ளி ஒரு படுக்கையறை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இன்னொன்றும் உண்டு. கிழக்கு மெம்பிஸ், ஜெர்மன்டவுன் பக்கம் பாப்லர் அவென்யூவை ஒட்டி ரயில் பாதை போகிறது. லெவல் கிராசிங்குகளில் ரயில் ஹாரன் அடிக்கும், பகலிலும் அடிக்கும். பாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வீடு வாங்குகிறவருக்கு. உண்மையில் முதல் வருடத்திலேயே வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விமானிக்கு எல்லாமே சீனியாரிட்டி வரிசைப்படிதான்: எந்த விமானம், எந்த பேஸ் (வேலை தொடங்கும் ஊர்), எந்த மாதம் எந்த லைன் (அந்த மாதத்துக்கான பயண அட்டவணை). பட்டியலின் கடைசியில் இருக்கும்போது இன்றைக்கு மெம்பிஸ் என்பது அடுத்த ஆண்டு வேறு ஊராகலாம். முதல் ஆண்டு தகுதிகாண் காலம் வேறு. பயிற்சியில் தேறும் முன்பே முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், சிமுலேட்டருக்குள் போகும்போதே முகம் வெளிறியிருக்கும்.

பேஸ் என்பது நிரந்தரமில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கு மெம்பிஸ் ஒரு பெரிய மையமாக இருந்தது. 2008-ல் அது டெல்டாவோடு இணைந்தது. பக்கத்திலேயே அட்லாண்டா என்கிற மாபெரும் மையத்தை வைத்துக்கொண்டு டெல்டாவுக்கு இரண்டாவதாக ஒன்று எதற்கு? விமானங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 2013-ல் மையத்தையே மூடிவிட்டார்கள். இங்கே தலைமையகம் வைத்திருந்த பினாக்கிள் ஏர்லைன்ஸும் அதே ஆண்டு மினியாபொலிஸுக்குப் போய் எண்டெவர் ஏர் என்று பெயர் மாறியது. வீடு வாங்கியிருந்தவர்கள் விற்க வேண்டியிருந்தது, அல்லது வேலைக்காக வாராவாரம் வேறு ஊருக்குப் பறக்க வேண்டியிருந்தது.

சரி, அப்படியானால் குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு ஜம்ப்சீட்டில் (விமானத்தில் ஊழியர்களுக்கான கூடுதல் இருக்கை) வந்துபோகலாமே என்பீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நாலைந்து விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் கிராஷ்பேட் என்கிற தங்குமிடத்தில் ஒரு கட்டில் போதும். லைன் கிடைத்துவிட்டால் அது நடக்கும். ரிசர்வில், அதாவது அழைப்புக்காகக் காத்திருக்கும் முறையில், இருக்கும்வரை திண்டாட்டம்தான். ஃபோன் வந்த சில மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பெட்டிப் படுக்கையோடு உடனே குடிவருவதைவிட, ஒரு வருடம் சின்னதாக வாடகைக்கு எடுத்து ஊரின் இரவையும் பகலையும் பார்த்துவிட்டு முடிவு செய்வதே எனக்குச் சரியாகப்படுகிறது. பணம் கொஞ்சம் வீணாகும். ஆகட்டும்.

அடுத்தது வரிக் கணக்கு. “டென்னசியில் வருமான வரி இல்லை” என்பதைக் கேட்டே பாதிப் பேர் வருகிறார்கள். சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை என்பது சரிதான். வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் இருந்த வரியும் 2021-ல் ஒழிந்தது. ஆனால் மெம்பிஸில் கடைக்குப் போனால் விற்பனை வரி 9.75 சதவீதம். மளிகைக்குக்கூட முழு விலக்கு இல்லை. வீட்டு வரி இரண்டு முறை வரும், ஒன்று நகரத்துக்கு, ஒன்று ஷெல்பி கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி).

விமான நிலையம் ஊரின் தெற்கு ஓரத்தில், மாநில எல்லைக்குக் கிட்டத்தில் இருப்பதால் சவுத்ஹேவன், ஆலிவ் பிராஞ்ச், ஹெர்னாண்டோ பக்கம் வீடு பார்க்கிறவர்கள் அதிகம். மெம்பிஸின் புறநகரான காலியர்வில்லைவிட சவுத்ஹேவனிலிருந்து வேலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனால் அது மிசிசிப்பி மாநிலம். அங்கே வருமான வரி உண்டு. “நான் வேலை செய்வது டென்னசியில்தானே” என்று தப்பிக்க முடியாது. விமான ஊழியர்களுக்கென்றே கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து மாநிலங்களுக்கு மேலே பறந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாநிலமும், சம்பளத்தில் பாதிக்கு மேல் ஈட்டும் மாநிலமும் மட்டுமே வரி கேட்க முடியும். வழியில் உள்ள மாநிலங்களிலிருந்து அது உங்களைக் காப்பாற்றும், சொந்த வீடு இருக்கும் மாநிலத்திடமிருந்து காப்பாற்றாது. வீட்டு வரி அங்கே குறைவு என்பதால் சிலருக்குக் கணக்கு சரிக்குச் சரியாகலாம். புதிய விமானியின் சம்பளத்துக்கும் பதினைந்து வருடக் கேப்டனின் சம்பளத்துக்கும் விடை ஒன்றாக இருக்காது. உங்கள் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அங்கே வாங்கினால் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகைக்கு ஏப்ரல் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சாவில் வீடு இன்னும் மலிவு. அங்கேயும் வருமான வரி உண்டு, அதோடு ஆறும் உண்டு. வாகனங்கள் ஆற்றைக் கடக்க இரண்டே பாலங்கள். 2021 மே 11 அன்று ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் இரும்புச் சட்டத்தில் விரிசல் கண்டுபிடித்து உடனே மூடினார்கள். மறுபடி முழுதாகத் திறக்க ஆகஸ்ட் பிறந்துவிட்டது. அதுவரை எல்லா லாரிகளும் கார்களும் 1949-ல் கட்டிய மற்றொரு பாலத்தில். ரிசர்வில் இருக்கிற விமானிக்கு அந்த மூன்று மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2013-ல் மெம்பிஸ் நகரப் பள்ளிகளையும் ஷெல்பி கவுண்டிப் பள்ளிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். மறு ஆண்டே ஜெர்மன்டவுன், காலியர்வில், பார்ட்லெட் உள்ளிட்ட ஆறு புறநகர்கள் பிரிந்து சொந்தப் பள்ளி நிர்வாகம் அமைத்துக்கொண்டன. அந்தப் பிரிவினையில் ஜெர்மன்டவுன் என்ற பெயரையே தாங்கிய மூன்று பள்ளிகள் கவுண்டி நிர்வாகத்தின் கையிலேயே தங்கிவிட்டன. தபால் முகவரியும் நம்பத்தக்கதல்ல. முகவரியில் ஒரு புறநகரின் பெயர் இருக்கும், வீடு அந்த நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும். விளம்பரத்தை விட்டுவிட்டு, அந்த வீட்டு எண்ணைக் கொடுத்துப் பள்ளி நிர்வாகத்திடமே கேளுங்கள்.

குற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். மெம்பிஸின் பெயர் இதில் கெட்டுப்போனதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பயந்து நாற்பது நிமிட தூரத்தில் வீடு வாங்கி, அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு கார் ஓட்டுவதும் ஆபத்துதான்.

வானிலையை விமானிக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் வானத்தில் இடிமேகத்தைச் சுற்றிப் போகத் தெரிந்தவர் வீட்டு மரத்தைப் பார்ப்பதில்லை. இந்த ஊரின் அழகே அந்தப் பெரிய மரங்கள்தான். புயல் வந்தால் அவை மின்கம்பியின் மேல் விழும். 2003 ஜூலை 22 காலை அடித்த காற்றில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று, சிலருக்கு வர இரண்டு வாரம் ஆனது. ஊர்க்காரர்கள், இங்கே வாழ்ந்த பாடகரின் நினைவாக, அதற்கு ‘எல்விஸ் சூறாவளி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் பனிமழை உறைந்து கிளைகள் முறிந்து மறுபடியும் பல நாள் இருட்டு. அப்படிப்பட்ட நாளில் நீங்கள் ஆங்கரேஜிலோ கொலோனிலோ ஹோட்டலில் இருப்பீர்கள், மனைவி குளிரில் குழந்தைகளோடு இருப்பார். ஜெனரேட்டர் வாங்கிவிட்டு, அதை இயக்க வீட்டில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள்.

நிலநடுக்கக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் அது அடங்காது, வெள்ளமும் அடங்காது. தெற்கில் என்ன நிலநடுக்கம் என்று சிரிக்காதீர்கள். வடக்கே உள்ள நியூ மாட்ரிட் பிளவுப் பகுதியில் 1811 டிசம்பர் முதல் 1812 பிப்ரவரி வரை வந்த அதிர்வுகளில் நிலம் அமிழ்ந்து ரீல்ஃபுட் என்கிற ஏரியே உருவாயிற்று.

மனைவிக்கோ கணவருக்கோ அடிக்கடி பயணம் தேவைப்படும் வேலை என்றால் இதையும் பாருங்கள்: டெல்டா மையம் போன பிறகு இங்கிருந்து நேரடிப் பயணிகள் விமானங்கள் குறைவு. சென்னையிலிருந்து அம்மா அப்பாவை வரவழைத்தால் அவர்கள் குறைந்தது இரண்டு இடத்திலாவது மாறி வர வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பெட்டி பிரிக்கிற அவசரத்தில் பலர் மறந்துவிடுவார்கள். நிரந்தர முகவரி மாறினால் 30 நாளுக்குள் எஃப்ஏஏ-வுக்கு (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 31-ஆம் நாள் உங்கள் லைசென்ஸை வைத்துக்கொண்டு பறக்கச் சட்டப்படி உரிமை இல்லை. தபால் பெட்டி எண் மட்டும் கொடுத்தால் போதாது, குடியிருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். டென்னசி ஓட்டுநர் உரிமத்துக்கும் அதே 30 நாள்தான். இரண்டையும் ஒரே மதியத்தில் முடித்துவிடலாம், அன்றைக்குத் தூக்கம் கொஞ்சம் கெடும்.