"இத்தாலியர் போலவே இல்லையே!": தென் ஐரோப்பியர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூனில் யானிக் சின்னர் உலக டென்னிஸ் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். அந்த இடத்தைப் பிடித்த முதல் இத்தாலிய வீரர் அவர். செம்பட்டை முடி, வெளிறிய முகம், வென்றாலும் தோற்றாலும் குலையாத நிதானம். தாய்மொழி ஜெர்மன். அவரைத் திரையில் பார்க்கும் பலருடைய வாயிலும் முதலில் வருவது, "இத்தாலியர் போலவே இல்லையே!" என்பதுதான். அவர் வளர்ந்த தென் டிரோல், முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த நிலம். இன்றும் அங்கே பெரும்பாலான வீடுகளில் ஜெர்மன்தான் பேசுகிறார்கள். பிழை, நாம் மனத்தில் மாட்டி வைத்திருக்கும் படத்தில் இருக்கிறது.

அந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுத்த சுருள் முடி, பழுப்புத் தோல், ஓயாமல் ஆடும் கைகள், உரத்த குரல், மூச்சுவிடாத பேச்சு. இத்தாலியர், ஸ்பானியர், கிரேக்கர், போர்ச்சுகீசியர் நால்வரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும்கூட அந்த அச்சை அப்படியே கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முகத்தைப் பார்த்து ஊரைச் சொல்வது

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவில் வெளிர்நிறக் கண்கள் சர்வசாதாரணம். இத்தாலியின் தெற்குத் தீவான சிசிலியின் எந்த ஊர்ச் சந்தையில் நின்றாலும் பொன்னிற முடிக்காரர் சிலரைப் பார்க்கலாம். இதற்குச் சுற்றுலா வழிகாட்டிகள் ஆயத்தமாக ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்: நீலக்கண் என்றால் வடக்கிலிருந்து வந்த நார்மானியர் வழி, கறுத்த தோல் என்றால் அரேபியர் வழி. சிசிலியில் அரேபியர் ஆட்சியும், அதன் பின்னால் 11ஆம் நூற்றாண்டில் வந்த நார்மானியர் ஆட்சியும் உண்மைதான். ஆனால் கண்ணின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரு குழந்தையின் கண்ணைப் பார்த்து எந்தப் படையெடுப்பின் மிச்சம் என்று சொல்வது வெறும் கதை.

தொல்லியல் காட்டுவது இன்னும் வியப்பானது. ஸ்பெயினில் லியோன் பகுதியின் லா பிரானா குகையில் 2006இல் கிடைத்த எலும்புக்கூடு ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழமையானது. அதன் மரபணுவை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, அந்த மனிதருக்குக் கறுத்த தோலும் நீலக் கண்களும் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய, 'ஓட்ஸி' என்று பெயரிடப்பட்ட மனிதரின் உடலை 2023இல் மீண்டும் ஆராய்ந்தார்கள். அவரும் கறுத்த தோல்காரர்; முன் மண்டையில் முடி கொட்டியவர்; முன்னோர்களில் பெரும்பகுதியினர் அனத்தோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து, வந்த உழவர்கள். வடக்கு வெள்ளை, தெற்கு கறுப்பு என்று ஆதியிலேயே யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கில நாவல்களில் தென் ஐரோப்பியர் என்றாலே 'ஆலிவ் நிறத் தோல்' வந்துவிடும். அதை அப்படியே தமிழில் போட்டால், புட்டியில் ஊறும் பச்சைக் காய்தான் வாசகர் நினைவுக்கு வரும். மாநிறம் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது.

ஓசையைத் தவறாகக் கேட்பது

வேகமாகப் பேசுகிறார்கள் என்ற புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஸ்பானிய மொழியில் நொடிக்கு 7.82 அசைகள், இத்தாலியத்தில் 6.99, ஆங்கிலத்தில் 6.19. ஆனால் வேகமான மொழிகளில் ஓர் அசை சுமக்கும் பொருள் குறைவு. 17 மொழிகளை எடுத்துக்கொண்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, எந்த மொழியானாலும் நொடிக்குச் சுமார் 39 பிட் (தகவலை அளக்கும் அலகு) தகவல்தான் போய்ச் சேர்கிறது என்று கண்டது. படபடப்பான சுபாவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஸ்பானியர்கள் சில சொற்களில் 'ஸ' வரும் இடத்தில் 'த' போல ஊதுவது நாக்குத் தடுக்கல், நாக்கு சரியாகப் புரளாத ஓர் அரசரைக் காப்பியடித்த பழக்கம் அது, என்ற கதையை இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்தக் கதையில் வரும் அரசர் பேத்ரோ 14ஆம் நூற்றாண்டுக்காரர். இந்த ஒலி உருவானதோ 16, 17ஆம் நூற்றாண்டுகளில். நாக்குத் தடுக்கல் என்றால் எல்லா 'ஸ'வும் கெட வேண்டும். மத்ரித்தில் வீட்டைக் 'காஸா' என்று தெளிவாகச் சொல்பவர்தான், வேட்டையைச் சொல்லும்போது நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் 'காதா' என்று ஊதுகிறார். இரண்டும் வேறு வேறு ஒலிகள், வேறு வேறு சொற்கள். தெற்கே செவில்லிலும் கனரித் தீவுகளிலும் பலருக்கு இந்த வேறுபாடே கிடையாது. அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிய பேச்சுதான் லத்தீன் அமெரிக்காவுக்குப் போனது.

போர்ச்சுகீசியர் ஸ்பானியர் போலப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து லிஸ்பனில் இறங்கியவர்கள், டிராமில் ரஷ்ய மொழி கேட்பதுபோல இருக்கிறது என்பார்கள். அழுத்தம் விழாத உயிரொலிகளை அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் 'ஷ்' ஆகிறது. இத்தனைக்கும் நமக்கு அந்நியமான மொழியல்ல அது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் கப்பலில் வந்தவை. அன்று வந்த 'சாவே' நம் வீட்டில் சாவியாக நின்றுவிட்டது. இன்று லிஸ்பன்காரர் வாயில் அது கிட்டத்தட்ட 'ஷாவ்'.

இத்தாலியரைக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் 'ஆ' ஒட்டுவது நகைச்சுவை நிகழ்ச்சிகளின் வழக்கம். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலானவை உயிரில் முடிபவை; ஆகவே மெய்யில் முடியும் அயற்சொல்லுக்குப் பின் சிலருக்கு ஒரு சிற்றொலி தானே வரும். 'பஸ்'ஸைப் 'பஸ்ஸு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. அதற்கு மேல், இத்தாலியில் பேசப்படுவது ஒரே மொழியும் அல்ல. 1999இல் வந்த 482ஆம் எண் சட்டம் 12 சிறுபான்மை மொழிகளை ஏற்கிறது. சார்டீனியம், அல்பேனியம், கிரேக்கம், கத்தலான் எல்லாம் அதில் உண்டு. சிசிலியமும் நேப்பிள்ஸ் மொழியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் தெருவெங்கும் அவைதான் ஒலிக்கின்றன.

சைகையை ஒரே அகராதியில் தேடுவது

விரல் நுனிகளைக் குவித்து மேலே நிமிர்த்தி ஆட்டும் சைகை 2020இல் எமோஜியாகவும் வந்துவிட்டது. பலர் அதை "அருமையான ருசி" என்ற பொருளில் அனுப்புகிறார்கள். இத்தாலியருக்கு அது பெரும்பாலும் "என்னதான் சொல்ல வருகிறாய்?" என்ற கேள்வி. சமைத்துப் போட்டவருக்கு அதை அனுப்பிப் பாராட்டாதீர்கள்.

கிரேக்கத்தில் கவனம் இன்னும் வேண்டும். 'நே' என்றால் ஆம். ஆங்கில 'நோ'வுக்குப் பழகிய காதுக்கு அது மறுப்பாகத்தான் கேட்கும். தலையைச் சற்று மேலே தூக்கி, புருவம் உயர்த்தி, நாக்கால் 'ட்ஸ்' என்றால் இல்லை. நாம் உச்சுக் கொட்டி இல்லை என்பதற்கு வெகு பக்கம் அது. ஆனால் தலை மேலே போவதைப் பார்த்து ஆமோதிக்கிறார் என்று நினைத்துக் காத்து நிற்பவர்கள் உண்டு. "ஐந்து வேண்டும்" என்று ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேராக நீட்டவே கூடாது. அது 'மூட்சா' என்னும் கடும் வசை. உள்ளங்கை உங்கள் பக்கம் இருக்கட்டும்.

இதே தலைத்தூக்கல் நேப்பிள்ஸிலும் சிசிலியிலும் உண்டு. ரோமிலும் அதற்கு வடக்கிலும் வழக்கமில்லை. பழங்காலத்தில் கிரேக்கர் குடியேறிய பகுதிகளோடு இதன் எல்லை பெரிதும் ஒத்துப்போகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆந்த்ரேயா தே ஜோரியோ என்ற பாதிரியார் 1832இலேயே நேப்பிள்ஸ் மக்களின் சைகைகளைத் தொகுத்து, பழைய ஜாடி ஓவியங்களில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 'இத்தாலியர் கையை ஆட்டுவார்கள்' என்ற ஒற்றை வரியில் இவ்வளவும் காணாமல் போகிறது.

"வேடிக்கைக்குத்தானே" என்று விட்டுவிடுவது

இந்த மனப்படங்கள் உயிர்களைப் பறித்திருக்கின்றன. 1890இல் நியூ ஆர்லியன்ஸ் நகரக் காவல்துறைத் தலைவர் சுடப்பட்டார். சாகும்முன் இத்தாலியரைக் குறிக்கும் வசைச்சொல் ஒன்றைச் சொன்னார் என்று ஒருவர் கூறியது போதுமாக இருந்தது. இத்தாலியர்களை வளைத்துப் பிடித்தார்கள். 1891 மார்ச் 14 அன்று ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றது. அவர்களில் சிலருக்கு முந்தைய நாள்தான் விடுதலைத் தீர்ப்பு வந்திருந்தது. 1899 முதல் அமெரிக்கக் குடியேற்றத் துறை வட இத்தாலியரையும் தென் இத்தாலியரையும் இரண்டு இனங்களாகவே பதிவு செய்தது. 1907இல் மட்டும் 2,80,000க்கும் மேற்பட்ட இத்தாலியர் போய் இறங்கிய நாடு, 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்களுக்கு ஆண்டுக்கு 4,000க்கும் குறைவான இடமே ஒதுக்கியது.

இத்தாலிக்குள்ளும் இதே நோய் இருந்தது. பின்னாளில் வட இத்தாலியின் தோரினோவில் (டூரின்) பேராசிரியரான சேசரே லோம்ப்ரோசோ, தென் இத்தாலியின் கலாப்ரியாக்காரரான வில்லெல்லாவின் மண்டை ஓட்டில் ஒரு சிறு பள்ளத்தைக் கண்டு, குற்றவாளிகள் பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள் என்று ஒரு கொள்கையையே கட்டினார். அறிவியல் அதை எப்போதோ தள்ளிவிட்டது. மண்டை ஓடு மட்டும் இன்னும் தோரினோ அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வில்லெல்லாவின் சொந்த ஊரான மோத்தா சாந்தா லூச்சியா அதைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் வரை போனது. 1950களிலும் 60களிலும் அதே தோரினோவின் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போன தெற்கத்தியர், "தெற்கத்தியருக்கு வாடகைக்கு இல்லை" என்ற அட்டைகளைத் தாண்டித்தான் வீடு தேட வேண்டியிருந்தது. நிறத்தையும் பேச்சின் இழுப்பையும் வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள்.

இன்று அந்த அட்டை வேறு முகங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. சிசிலியின் பலெர்மோவில் ஈழத்தமிழர் பலர் வாழ்கிறார்கள். நகரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, மோந்தே பெல்லெக்ரினோ மலையேறி, கத்தோலிக்கரோடு சைவர்களும் போகிறார்கள். அங்கேயே பிறந்தாலும், பெற்றோர் வெளிநாட்டவர் என்றால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இடைவிடாமல் 18 வயதுவரை வாழ்ந்த பிறகுதான் அந்தப் பிறப்பைக் காட்டிக் குடியுரிமை கேட்க முடியும். அதுவரை "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி ஓயாது; பலெர்மோ என்ற பதிலை யாரும் ஏற்பதில்லை.

அந்த நகருக்குப் போனால், கடையில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து எந்த மொழியில் பேசுவது என்று முடிவு செய்யாதீர்கள். 'போன்ஜோர்னோ' என்று தொடங்குங்கள். ரொட்டி இருக்கிறதா என்று கேட்டு, அவர் முகவாயை மேலே தூக்கி உச்சுக் கொட்டினால், தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்த கடைக்குப் போங்கள்.