வெளியே உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறீர்களா? பக்கத்து வீட்டோடு முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில வழிகள்

பால்கனியிலோ மொட்டை மாடியிலோ முற்றத்திலோ மேசையைப் போட்டு லேப்டாப்பைத் திறந்ததும் எல்லாருக்கும் முதலில் வரும் கவலை, என் திரையை யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. இதுவரை ஆளே இல்லாமல் கிடந்த இடத்தில் இப்போது நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட வந்தாலும், பிள்ளையைத் திட்டினாலும், போனில் யாரிடமாவது அழுதாலும் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நீங்கள் அவரைக் கவனிக்கவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் மறைப்பு, ஹெட்செட் என்று எதை வாங்கினாலும், அது உங்களை அவரிடமிருந்து காப்பாற்றுகிறதா என்பதோடு அவரை உங்களிடமிருந்து காப்பாற்றுகிறதா என்றும் பாருங்கள்.

முதலில் நாற்காலி. எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பது செலவே இல்லாத வேலை, ஆனால் பாதித் தொல்லை இதிலேயே தீரும். உங்கள் வீட்டுச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் பின்னாலிருந்து யாரும் திரையைப் பார்க்க முடியாது, வீடியோ காலிலும் உங்கள் சுவர்தான் தெரியும். ஆனால் உங்கள் முகம் நாள் முழுக்கப் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். அப்படியே திரும்பி உட்கார்ந்தால் அவருக்கு உங்கள் பார்வையிலிருந்து விடுதலை, ஆனால் உங்கள் திரை அவருக்குத் தெரியும், அதைவிட மோசம், உங்கள் கேமரா அவர் வீட்டு வாசலை உங்கள் அலுவலகத்துக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருக்கும். பின்னணியை மங்கலாக்கும் வசதி இருக்கிறதே என்றால், அது உங்களுக்குப் பின்னால் நடமாடும் ஆளையும் சில சமயம் மீட்டிங்கில் இருப்பவராக நினைத்துத் தெளிவாகக் காட்டிவிடும். அதை நம்ப வேண்டாம். குறுக்காக உட்காருவதுதான் சரி: எல்லைச் சுவர் உங்கள் தோள் பக்கம் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் உங்கள் வீட்டுச் சுவர் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கண்ணாடிக் கதவு வேண்டாம், திரையில் இருப்பது அதில் பிரதிபலிக்கும்.

திரைமேல் பொருத்தும் பிரைவசி ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவை இடமோ வலமோ சுமார் 30 டிகிரிக்கு மேல் விலகி இருந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் திரையைக் கறுப்பாக்கும். நேர் பின்னால் நிற்பவருக்கும், மேல் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கும் அது பெரிதாக ஒன்றும் மறைக்காது. போதாக்குறைக்கு வெளிச்சத்தையும் குறைக்கும். வெயிலில் ஏற்கெனவே மங்கித் தெரியும் திரையில் பிறகு எதையும் படிக்கவே முடியாது. மேலேயிருந்து பார்வை விழும் இடமென்றால் ஒரு பெரிய குடையே போதும், நிழலும் கிடைக்கும்.

மறைப்பு வைப்பதானால் எல்லைச் சுவர்மேல் வைக்காதீர்கள், உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். கண்ணுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு சின்னது போதும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும், ஆக ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நெருக்கமாக வைத்த தொட்டிச் செடிகளோ ஒரு மடக்குத் தட்டியோ உங்கள் பார்வையை அந்தப் பக்கம் போகவிடாது. எல்லையில் இரண்டாள் உயரத்துக்கு ஷீட் அடித்தால் அவருக்கு வெளிச்சமும் காற்றும் போகும், பல இடங்களில் அனுமதி வேண்டியிருக்கும், அதோடு உங்கள் முகத்திலேயே விழிக்க விருப்பமில்லை என்று சொன்னது போலவும் ஆகிவிடும். வலைத் துணி மாதிரி மெல்லிய மறைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. இருட்டான பக்கத்திலிருந்து வெளிச்சமான பக்கம் தெரியும், எதிர்த்திசையில் தெரியாது. பகலில் நிழலில் இருக்கும் உங்களை அவர் பார்க்க முடியாது, ஆனால் நீங்கள் அவரைப் பார்க்கலாம். இரவில் விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழ்: நீங்கள் மேடையில், அவர் பார்வையாளர் வரிசையில்.

இனி குரல். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

செடி கண்ணை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. ஒரு வரிசைச் செடி ஒலியைக் குறைப்பது ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் மறைவில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் நாம் தாராளமாகப் பேச ஆரம்பித்துவிடுவோம், சம்பளம், சக ஊழியர் பற்றிய புகார், வாடிக்கையாளரின் பெயர், ஓடிபி எண் வரைக்கும். 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு' என்பதில் இப்போது ஒரு திருத்தம் வேண்டும், பக்கத்தில் ஆள் தெரியாவிட்டாலும் காது இருக்கலாம். மறைப்பால் சத்தம் குறைய வேண்டுமென்றால் அது இடைவெளி இல்லாத, கனமான சுவராக இருக்க வேண்டும், உங்கள் வாய்க்கும் அவர் காதுக்கும் இடையே நேர்கோட்டை வெட்ட வேண்டும். அப்போதும் ஒலி மேலே வளைந்து வரத்தான் செய்யும். தூரம் தரும் பலன் இதைவிட நம்பகமானது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபலாக இருக்கும் சாதாரணப் பேச்சு 4 மீட்டரில் 48 ஆகிவிடும். எனவே எல்லையை ஒட்டிய மூலையிலிருந்து மேசையை நாலு அடி நகர்த்துவதுகூடப் பிரயோஜனம்தான். பால்கனியில் மேல்கூரையும் சுவர்களும் குரலைத் திருப்பி வெளியே அனுப்பும், அங்கே இந்தக் கணக்கு இவ்வளவு சாதகமாக இருக்காது.

நம் குரல் நமக்குத் தெரியாமலே ஏறும் என்பது இன்னொரு தொந்தரவு. சுற்றி இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தானாகவே சத்தமாகப் பேசுவார்கள், இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். வெளியே காற்று, வண்டிச் சத்தம், அதோடு இரண்டு காதையும் அடைக்கும் ஹெட்போன் என்று எல்லாம் சேர்ந்தால் தெருவுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருப்போம். ஒரு காதைத் திறந்து வையுங்கள், அல்லது ஹெட்செட்டில் சைட்டோன் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் குரல் உங்கள் காதிலேயே கேட்கும், தானாகத் தணிந்து பேசுவீர்கள். மைக் வாய்க்கு அருகில் வரும்படியான ஹெட்செட்டில் மெதுவாகப் பேசினாலே எதிர்முனைக்குப் போதும். இரைச்சலை நீக்கும் மென்பொருள் எதிர்முனைக்குத்தான் உதவும், பக்கத்து வீட்டுக்கு அல்ல.

சரி, ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு பக்கப் பேச்சும் கேட்குமே, அது பரவாயில்லையா? ஒரு பக்கப் பேச்சு மட்டும் காதில் விழுவது முழு உரையாடலைவிட அதிகமாகக் கவனத்தைக் கலைக்கும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் காட்டியது உண்மைதான். அதற்காக ஸ்பீக்கர் தீர்வாகாது. சத்தம் இரட்டிப்பு, எதிர்முனையில் பேசுபவருக்குத் தன் பேச்சு ஊருக்கே கேட்கிறது என்பதே தெரியாது. நீளமான அழைப்புகளை உள்ளே எடுங்கள். எழுதுவது, படிப்பது, கணக்குப் பார்ப்பது வெளியே. இந்த ஒரு பிரிவினையைக் கடைப்பிடித்தாலே மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது.

மீட்டிங்கைப் பதிவு செய்தால் கூடுதல் கவனம் வேண்டும். தானாக எழுத்தாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுச் சண்டையும் உங்கள் அலுவலகக் கோப்பில் எழுத்தாக ஏறிவிடலாம். பேசாத நேரமெல்லாம் மியூட்டில் இருங்கள். ஜூமில் மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் மைக் திறந்திருக்கும்படி வைக்கலாம், வெளியே உட்காருபவருக்கு அது ரொம்ப வசதி.

பக்கத்து வீட்டாரிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். புகார் வந்த பிறகு பேசினால் அது சமாதானம், முன்பே பேசினால் வெறும் தகவல். நின்று விளக்க வேண்டாம், இவ்வளவு போதும்: "அக்கா, நாளையிலேர்ந்து காலையில இங்க உக்காந்துதான் வேலை பாக்கப் போறேன். என் சத்தம் தொந்தரவா இருந்தா ஒரு மெசேஜ் போடுங்க, உள்ள போயிடுறேன். நீங்க வெளிய வர்ற நேரம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, அந்த நேரத்துல நான் உக்காரல." கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஹெட்செட் தலையில் இருந்தால் வேலையில் இருக்கிறேன் என்று அர்த்தம் என்பதையும் அப்போதே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வெளியே உட்கார்ந்திருப்பவர் சும்மா இருப்பவர் என்று நினைத்து யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்படியும் புகார் வந்தால் உங்கள் பக்க நியாயத்தை எடுக்காதீர்கள். எந்த நேரம், எந்தச் சத்தம் என்று மட்டும் கேளுங்கள். பல சமயம் எட்டு மணி நேரமும் அல்ல, மத்தியானம் குழந்தை தூங்கும் ஒரு மணி நேரம்தான் பிரச்சினையாக இருக்கும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதவே வேண்டாம்.

மறுபக்கம், அவர்கள் சத்தம் உங்கள் மீட்டிங்கைக் கெடுக்கிறது என்றால்? அவர்கள் தங்கள் வீட்டில் வாழ்கிறார்கள், அலுவலகத்தை வெளியே கொண்டுவந்தது நீங்கள். ஒரு நாள் நேர்முகத் தேர்வு மாதிரி ஏதாவது இருந்தால் முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கலாம், தினமும் கேட்க முடியாது.

அவர் வீட்டுக் கண்காணிப்புக் கேமரா உங்கள் மேசையைப் பார்த்தபடி இருந்தால் மட்டும் நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில் மாட்டிய கேமராவானாலும் அது பொது இடத்தைப் படம் பிடித்தால் சொந்த வீட்டு விஷயம் என்ற சலுகை கிடைக்காது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-ல் சொன்னது. மற்ற நாடுகளில் சட்டம் வேறு வேறு. ஆனால் சட்டத்தை எடுப்பதற்கு முன், கேமராவில் என்ன தெரிகிறது என்று அவர் போனில் காட்டச் சொல்லுங்கள். நிறைய கேமராக்களில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் அமைப்பு உண்டு, அதைச் சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிட்டால் வேலை முடிந்தது.