பழைய பிரிட்டிஷ் காமெடிப் படத்தில் சிரிப்பு வரவில்லையா? ஃபேனைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

வேலூர் வெயிலுக்கு ஃபேன் ஐந்தில் சுற்றும். 1950 வாக்கில் வந்த பிரிட்டிஷ் படங்களில் ஒலி பெரும்பாலும் மோனோ, அதாவது எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில். சிரிப்பில் பெரும்பங்கு வாய்க்குள்ளேயே பேசும் வசனத்தில் இருக்கும். ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலோ திரும்பியிருப்பதால், அந்த வசனம் ஃபேன் இரைச்சலில் காணாமல் போகும். பொழுது சாய்ந்த பிறகு ஃபேனை இரண்டில் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். டிவியில் பேச்சைத் தெளிவாக்கும் ஒலி அமைப்பு இருந்தால் அதையே போடுங்கள்.

சப்டைட்டில் அவசியம். ஆனால் தனியாக இறக்கிய சப்டைட்டில் போகப் போக வசனத்திலிருந்து விலகலாம். நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படச் சட்டம்) ஓடும் படத்தை பிரிட்டனில் டிவிக்காக 25 பிரேமில் ஓட்டினார்கள்; ஒரு வேகத்துக்குச் செய்த சப்டைட்டில் இன்னொரு வேகத்தில் ஓடும் படத்தோடு ஒட்டாது. ஒரு நிமிடப் படம் 57.6 நொடியில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 2.4 நொடி என்றால் பத்தாவது நிமிடத்தில் 24 நொடி வித்தியாசம். முன்னே பின்னே தள்ளினால் இது சரியாகாது, வேகத்தையே மாற்ற வேண்டும். கணினியில் வீடியோ பார்க்கும் விஎல்சி செயலியில் ஒத்திசைவுப் பகுதியில் சப்டைட்டில் வேகம் இருக்கிறது. ஜோக்குக்கு முன்பே எழுத்து வந்துவிட்டால் அந்த ஜோக் செத்தது.

படம் 4:3 அளவில், அதாவது பழைய டிவி போலச் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் அளவில் இருக்கட்டும். இருபுறமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். ஜூம் செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும்.

அடுத்தது காலம். பிரிட்டனில் ரேஷன் 1954 ஜூலை வரை நீடித்தது. 1949இல் வந்த 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வில் ஜனங்கள் ரேஷன் புத்தகத்தைக் கிழிப்பது ஏன் அவ்வளவு பெரிய கொண்டாட்டம் என்பது, ரேஷன் கடை வரிசையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரியும்.

எதில் தொடங்குவது? குடியாத்தம் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு 1951இல் வந்த 'தி மேன் இன் தி வைட் சூட்'தான். அழுக்காகாத, கிழியாத நூலை ஒருவன் கண்டுபிடிக்கிறான். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்தே அவனைத் துரத்துகிறார்கள். சோதனைக் குழாய்கள் தாளம் போட்டுக் கொப்பளிக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்; ஃபேனைக் குறைக்கச் சொன்னது இதற்கும்தான். துணி வெளுத்துப் பிழைக்கும் வீட்டுக்காரக் கிழவி, துவைக்கத் துணியே இல்லாமல் போனால் தன் கதி என்ன என்று அவனிடம் கேட்கும் இடத்தில் சிரிப்பு தொண்டையில் நிற்கும். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1958இல் தொடங்கிய 'கேரி ஆன்' காமெடிப் பட வரிசையைக் கடைசியில் வையுங்கள். அதில் பாதி இரட்டை அர்த்தப் பேச்சு, சப்டைட்டிலில் தங்காது. அரை மணி நேரம் பார்த்தும் உதடு அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.