பழைய கடல்நீர்த் தொட்டி வாங்கப் போகிறீர்களா? தண்ணீரை இறைக்கும் முன் போய்ப் பாருங்கள்

“வெளிநாடு போறேன், ஃபுல் செட்டப், அர்ஜென்ட் சேல்.” இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் கடல்மீன் வளர்க்க ஆசைப்படும் எவருக்கும் கை பரபரக்கும். பரபரப்பதில் நியாயமும் இருக்கிறது. கடல்நீர்த் தொட்டியில் கண்ணாடிதான் மலிவு. ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), விளக்கு மூன்றும்தான் பணத்தைத் தின்னும். பழசாக வாங்கினால் அங்கேதான் மிச்சம்.

நான் இதுவரை இரண்டு வாங்கியிருக்கிறேன். முதல் தொட்டியைத் தண்ணீர் இறைத்து, துடைத்து, பால்கனியில் வைத்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் சில்லரில் கேஸ் இல்லை என்று தெரிந்தது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியை மட்டும் வாங்குங்கள். காய்ந்த தொட்டி என்றால் கண்ணாடி விலை மட்டும் பேசுங்கள்.

1. முதலில் உங்கள் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 4 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி என்றால் 120 × 45 × 45, அதாவது சுமார் 243 லிட்டர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு, கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத்தொட்டி) எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டிவிடும். சுவரோரமாக, உத்தரம் போகிற பக்கமாக இடம் பாருங்கள். ரொம்பச் சின்னத் தொட்டியும் வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னத் தப்புக்கே எல்லாம் தலைகீழாகும்.

2. போனில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

“வெள்ளைப்புள்ளி நோய் வந்தப்போ என்ன மருந்து போட்டீங்க?” என்று கேளுங்கள். மயில்துத்தமோ வேறு தாமிர மருந்தோ போட்டிருந்தால், அந்தக் கல்லையும் மணலையும் தொடாதீர்கள். தாமிரம் கல்லுக்குள் ஊறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மீன் தாங்கும், நத்தை, இறால், பவளம் தாங்காது. விற்பவருக்கு நினைவில்லை என்றால் நேரில் போகும்போது பாருங்கள்: தொட்டியில் நத்தையும் இறாலும் பல மாதமாக நன்றாக இருந்தால், பெரும்பாலும் பயமில்லை.

3. சட்டம்

பலரும் தாண்டிப் போகிற இடம் இது. கல்பவளங்கள் எல்லாமே, கூடவே கடல்விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. கடல்குதிரையும் கடல் அட்டையும் அதே அட்டவணைதான். புலிக்கு இருக்கிற பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. செத்த பவளத்தின் வெள்ளை எலும்புக்கூடும் இதில் அடக்கம். ‘லைவ் ராக்’ (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல்) என்று காட்டப்படும் கல், மன்னார் வளைகுடாவில் பெயர்த்த பவளப்பாறையாக இருந்தால் வாங்கியவரும் மாட்டுவார். செராமிக் கல்லா, கடையில் ரசீதோடு வாங்கிய உலர் கல்லா என்று கேளுங்கள். கல்பவளத்தை “சும்மா வச்சுக்கோங்க” என்று தந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கோமாளி மீனுக்கு இந்தக் கவலை இல்லை. அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை நம் மண்டபத்திலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உருவாக்கியிருக்கிறது.

4. நேரில் போனால் என்ன பார்ப்பது

டார்ச், ரசமட்டம், ஒரு வெப்பமானி எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் மூலைகள். உள்பக்க சிலிக்கானை நகத்தால் மெல்ல நீவிப் பாருங்கள். ஓரம் பெயர்ந்தால் சந்தேகம். சிலிக்கானுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அங்கே பிடிமானம் விட்டுப்போச்சு என்று அர்த்தம். அந்தத் தொட்டியைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டிவரும்.

அடுத்து, கரண்ட் சோதனை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இரண்டாவது தொட்டி பார்க்கப் போனபோது, “அண்ணே, மெயின் பம்ப்பைக் கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா?” என்றேன்.

“ஏன் தம்பி, நல்லாத்தானே ஓடுது?”

“கரண்ட் போனா என்ன ஆகும்னு பாக்கணும்ணே.”

சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கடகடவென்று சம்புக்கு இறங்கியது. விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது. மறுபடி பிளக்கை மாட்டினார், பம்ப் தானாகவே பிடித்துக்கொண்டது. அப்போதே மனதுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். சம்ப் நிரம்பி வழிந்தால், மின்வெட்டு வரும் ஒவ்வொரு இரவும் உங்கள் ஹாலில் உப்புத் தண்ணீர்தான்.

சில்லர். சென்னையில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டிவிடலாம், சில்லர் இல்லாமல் முடியாது. 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டிய தண்ணீர், மே மாதத்தில் 30-ஐத் தாண்டினால் பவளம் வெளுத்துவிடும். அப்போது இருக்கும் வெப்பத்துக்கு இரண்டு டிகிரி கீழே செட் செய்யச் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் பேசிக்கொண்டு உட்காருங்கள். கம்ப்ரசர் பிடிக்கிறதா, சில்லரிலிருந்து வெளியே வரும் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா என்று வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

ஸ்கிம்மர் கிண்ணத்தில் கருப்பாக நாற்றமடிக்கும் குழம்பு இருந்தால் சந்தோஷப்படுங்கள், அது வேலை செய்கிறது. பம்ப்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கவலை வேண்டாம், வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

கடைசியாக, கல்லில் பழுப்பு நிறத்தில் சின்னக் கடல்சாமந்தி மாதிரி ஏதாவது நிற்கிறதா? அது ஐப்டேசியா, களை மாதிரிப் பரவும் ஒரு கடல்சாமந்தி. கிள்ளிப் போட்டால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். நாலைந்து என்றால் சமாளிக்கலாம், கல் முழுக்க என்றால் கல்லை விட்டுவிடுங்கள்.

5. விலை

ஓடிக் காட்டிய பொருளுக்குப் புதுவிலையில் பாதி வரை தருவேன். கண்ணாடிக்கு மூன்றில் ஒரு பங்கு. ஓடாத பொருளுக்கு ஒரு பைசாகூடக் கிடையாது. திறந்த டெஸ்ட் கிட்டுகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் குப்பைதான்.

6. தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

முந்தைய நாளே பாதி அளவுக்குப் புது உப்புத் தண்ணீர் கலந்து, பம்ப் போட்டுச் சுற்றவிடுங்கள். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கடலுப்புக் கலவை பிடிக்கும். சமையல் உப்பு ஆகாது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) காட்ட வேண்டும். கலப்பதற்கு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும், ஆர்ஓ-டிஐ முறையில் சுத்திகரித்த தண்ணீர்தான் சரி. வீட்டுக் குடிநீர் ஆர்ஓ-வில் சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

விடியற்காலையில் குட்டியானை வண்டி சொல்லிவிடுங்கள். பழைய தண்ணீரில் பாதியை மூடி போட்ட கேன்களில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பவளம், அடுத்து கல், கடைசியில் மீன். கல் இருக்கும்போது மீனை விரட்டினால் ஒன்றும் கிடைக்காது, மீனுக்கும் பயத்திலேயே உயிர் போகும். சோப்பு படாத தெர்மாகோல் பெட்டி, பேட்டரி ஏர் பம்ப் போதும். கல் தண்ணீருக்குள்ளேயே பயணிக்கட்டும். கழிவை மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது தண்ணீரில் இல்லை, கல்லில்தான்.

மணல் மட்டும் வேண்டாம். முதல் தொட்டியோடு ஈரமாக ஒரு வாளி மணலும் தந்து, “பாக்டீரியா எல்லாம் இதுலதான் இருக்கு, அப்படியே கொட்டுங்க” என்றார்கள். கொட்டினேன். அழுகிய முட்டை வாசம் வீடு முழுக்க. பழைய மணலின் அடியில் காற்றுப் புகாமல் சேர்ந்திருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும் கழிவும் கிளம்பிவிட்டன. மறுநாள் காலையில் அம்மோனியா கிட் கரும்பச்சை, அளவு எகிறியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு மீன் போய்விட்டது. புது மணல் வாங்குங்கள், பெரிய செலவில்லை.

7. பொருத்திய பிறகு

ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் விரியுங்கள். கல்லை அடிக் கண்ணாடிமேல் நேராக நிறுத்தி, பிறகு சுற்றிலும் மணல் போடுங்கள். மேலே வைத்தால் ஒருநாள் சரியும். முதல் நாள் மீனுக்குத் தீனி வேண்டாம். விளக்கை ஒரு வாரம் பாதி வெளிச்சத்தில் வையுங்கள்.

இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள். பூஜ்யத்தைத் தாண்டினால் அன்றைக்கே கால்வாசித் தண்ணீர் மாற்றிவிடுங்கள், அதற்காகக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் எப்போதும் கலந்து தயாராக இருக்கட்டும். அந்த 14 நாளும் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.